கால் துள்ளவில்லை, டோஸை நிறுத்தினாள்: ஒரு கூடலூர் நர்ஸும் என்கிளெக்ஸும்

இது ஒரே ஒரு பெண்ணைப் பற்றிய நிகழ்வு ஆய்வு. அவள் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். பெயரும் வேலை செய்யும் இடமும் வேண்டாம் என்றாள், இரண்டையும் விட்டுவிட்டேன். நான் பல வருஷம் வார்டில் இருந்துவிட்டு அப்புறம் நர்சிங் ட்யூட்டராக வேலை பார்த்தவள். இப்போது கூடலூரில் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேருக்குச் சொல்லித் தருகிறேன்.

அவள் 2017இல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தாள், 2021இல் முடித்தாள். 2024 ஜூலையில் சென்னைக்குப் போய், அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்கத் தேற வேண்டிய என்கிளெக்ஸ் (NCLEX) பரீட்சையை எழுதித் தோற்றாள், அதே வருஷம் டிசம்பரில் மறுபடி எழுதித் தேறினாள். நடுவில் இருந்த ஐந்து மாதத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். ஏனென்றால் அந்த ஐந்து மாதத்தில் அவள் புதிதாகப் படித்தது ரொம்பக் கொஞ்சம். முதல் தடவைக்கு முன்னால் படித்ததில் கால்வாசி கூட இருக்காது. அப்புறம் எப்படித் தேறினாள் என்பதை யோசித்துப் பார்த்தபோது, முதல் தடவை தோற்றதில் என் பங்கும் கணிசமாக இருப்பது தெரிந்தது.

பந்தலூர் பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் வளர்ந்தவள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம், தாத்தா அங்கே தேயிலை, இங்கேயும் தேயிலை. அம்மா இப்போதும் கொழுந்து பறிக்கிறார். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். கீழே சமவெளியில் ஒரு காலேஜில் சேர்ந்து, முதல் வருஷ அனாடமி–பிசியாலஜி பேப்பரில் அரியர் வைத்துவிட்டு, மழை லீவில் அழுத முகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். அப்போதிருந்து எனக்குத் தெரியும்.

அந்த அரியர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் வரவில்லை என்று அவளும் சொன்னாள், காலேஜிலும் சொன்னார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தால் பக்கம் பக்கமாக மனப்பாடம், ஒரு கமா கூட மாறவில்லை. "கிட்னி என்ன வேலை செய்யுது, நம்ம பாஷையில சொல்லு" என்றேன். வாயே திறக்கவில்லை. தமிழிலேயே தெரியாததை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? அதனால் முதலில் தமிழில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஹைப்பர் என்றால் கூடுதல், ஹைப்போ என்றால் குறைவு, டாக்கி வேகம், பிராடி மெதுவு, ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுத்தது என்று ஒரு நாற்பது துண்டுகளைப் பிடித்துக்கொண்டாள், பாதி புத்தகம் திறந்துவிட்டது. அடுத்த தடவை பாஸ்.

டோஸ் கணக்கு மட்டும் கொஞ்ச நாள் இழுத்தது. சூத்திரம் தெரியும், எந்த எண்ணை எங்கே போடுவது என்று குழம்புவாள். ஒருநாள் அவள் அம்மா கூட வந்திருந்தார், இலை எடை போடும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள், கிலோவுக்கு எவ்வளவு வர வேண்டும், கையில் எவ்வளவு வந்தது என்று மகளிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். இவள் பேனா எடுக்காமலே பதில் சொன்னாள். அதையேதான் இங்கேயும் செய்யச் சொன்னேன். டாக்டர் கேட்டது எவ்வளவு, கையில் இருப்பது எவ்வளவு, அது எத்தனை மில்லியில் கரைந்து இருக்கிறது, இந்த மூன்றையும் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் எண்ணைத் தொடு. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிஷத்தால் வகுக்க, நிமிஷத்துக்கு 42 சொட்டு. அன்றைக்குப் பிறகு கணக்கில் அவளுக்குச் சிக்கல் வந்ததே இல்லை.

2021இல் முடித்து, சென்னையில் இருக்கும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிந்து, ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்), ஆர்.எம். (பதிவுபெற்ற மிட்வைஃப்) இரண்டும் வாங்கினாள். நம் ஊரில் பல்கலைக்கழகப் பரீட்சை பாஸானால் இந்தப் பதிவு கிடைத்துவிடும், அதற்கென்று தனியாக ஓர் உரிமத் தேர்வு எழுதுவதில்லை. தேர்வு வருவது வேலைக்குத்தான். மாநில அரசு வேலைக்கு எம்.ஆர்.பி., எய்ம்ஸ் வேலைக்கு நார்செட். அமெரிக்காவில் அப்படி இல்லை, படிப்பு முடித்தாலும் என்கிளெக்ஸ் தேறாமல் நர்ஸ் உரிமம் கிடைக்காது. கனடாவும் 2015இலிருந்து இதே பரீட்சையைத்தான் வைக்கிறது.

படிப்பு முடித்த கையோடு கூடலூர் வட்டாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, ஆள் பற்றாத நாளில் எல்லா வார்டும். 2023இல் என்கிளெக்ஸ் எழுதலாமா என்று கேட்டாள். எழுது என்றேன்.

முதல் தடவை

பரீட்சையைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். கம்ப்யூட்டரில் எழுதுவது, மொத்தம் 5 மணி நேரம். நீங்கள் சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கஷ்டமாகும், தப்பாகச் சொன்னால் சுலபமாகும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. 85ஐத் தாண்டிய பிறகு, இந்த ஆள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேதான், அல்லது கீழேதான் என்று 95 சதவீதம் நிச்சயமானால் மெஷின் அங்கேயே நின்றுவிடும். 2023 ஏப்ரலில் முறையை மாற்றினார்கள். இப்போது ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கொடுத்து அதை வைத்து ஆறு கேள்வி கேட்கிறார்கள், மார்க்குள்ள கேஸ் மூன்று எல்லாருக்கும் உண்டு. அந்த ஆறு கேள்வியும் ஒரு வரிசையில் போகும்: எது கவனிக்க வேண்டிய அறிகுறி, அதற்கு என்ன அர்த்தம், எது முதலில் ஆபத்து, என்னென்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலித்ததா. கட்டணம் 200 டாலர், நம் நாட்டில் எழுதினால் மேலே 150 டாலர். அவள் மாதச் சம்பளத்தை விட அதிகம், அதனால்தான் சொல்கிறேன்.

நான் போட்ட திட்டம் எல்லாரும் போடுவதுதான். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒரு சுற்று, தினம் 75 கேள்வி, தப்பானதற்கெல்லாம் விளக்கம் எழுதுவது. டூட்டி முடித்துவிட்டு வந்து செய்தாள். எங்கள் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யானை ரோட்டுக்கு வந்துவிடும், கடைசி பஸ்ஸை விட்டால் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்தான். ஜூன், ஜூலை மழையில் தேவாலா பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, போனில் சார்ஜ் இருக்கும் வரை படிப்பாள். பெயர் குழப்பங்களையும் சரி பண்ணினோம். நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்புட்டமால் ஆல்புட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், லிக்னோகெயின் லிடோகெயின், பெத்திடின் மெபெரிடின். இதைச் சுவரில் ஒட்டி வைத்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

2024 ஜூலையில் பரீட்சை. ஊட்டி போகிற வழியில் மரம் விழுந்து பஸ் நின்று, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்பும் நேரத்துக்கு ஓடிப்போய் ஏறி, தூங்காமல் சென்னையில் இறங்கி, நேராக சென்டருக்குப் போனாள். 150 கேள்வி வரை போய் நின்றது. ஃபெயில்.

எல்லாரும் பஸ்ஸையும் தூக்கத்தையும் காரணம் சொன்னோம். நானும் அப்படித்தான் சொன்னேன், இரண்டு வாரம் அதையே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அறிக்கை வந்த பிறகு

தோற்றவர்களுக்கு ஒரு செயல்திறன் அறிக்கை வரும். எட்டுப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அருகே, கீழே என்று மூன்றில் ஒன்று போட்டிருக்கும். தயவுசெய்து யாரும் அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள், கையில் கிடைக்கும் உருப்படியான பொருள் அது ஒன்றுதான். அவளுக்கு மருந்துகள் பகுதி அருகே. உடல் சார்ந்த மாற்றங்கள் அருகே. ஆரோக்கியப் பராமரிப்பு, அதாவது கர்ப்பிணி, குழந்தை, தடுப்பூசி எல்லாம், மேலே. கீழே வந்தது இரண்டு. பராமரிப்பு மேலாண்மை ஒன்று, மனநலம் சார்ந்த பகுதி இன்னொன்று.

பராமரிப்பு மேலாண்மை என்பதுதான் பரீட்சையிலேயே பெரிய பங்கு, 15லிருந்து 21 சதவீதம். யாரை முதலில் பார்ப்பாய், எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பாய், எதை நீயே முடிவு பண்ணுவாய் என்பதெல்லாம் இதில்தான் வரும். இங்கிலீஷ் பிரச்சினை என்றால் எட்டுப் பகுதியும் விழுந்திருக்க வேண்டும். பாடம் தெரியாதது என்றால் மருந்தில்தான் முதலில் விழுந்திருப்பாள். இது இரண்டும் இல்லை என்று அந்தத் தாள் சொன்னது. அப்போதுதான் அவள் படிப்பதைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் பதில் சொல்லும் விதத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன். பிரசவமான பெண்ணுக்கு வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் டிரிப் போய்க்கொண்டிருக்கிறது. முட்டி ரிஃப்ளெக்ஸ் இல்லை, அதாவது முட்டியைத் தட்டினால் கால் துள்ளவில்லை, மூச்சு நிமிஷத்துக்கு 10. நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? டாக்டருக்குத் தெரிவிப்பது, டிரிப்பை நிறுத்துவது, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது, யூரின் அளவை எழுதி வைப்பது. டாக்டருக்குத் தெரிவிப்பது என்று டிக் அடித்தாள், யோசிக்கவே இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இதே விஷயத்தை அவள் நிஜத்தில் செய்தது எனக்குத் தெரியும், அதற்கு முந்தைய வருஷம் அவளே வந்து சொன்னாள்.

அந்த ராத்திரி

பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்த பெண், முதல் பிரசவம், வலிப்போடு கொண்டுவந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது, அம்மாவுக்கு மெக்னீசியம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் இதைப் பம்ப்பில் ஏற்றுவார்கள், நம் பக்கம் நிறைய இடங்களில் இன்னும் பிரிட்சார்டு முறைதான். முதலில் 4 கிராம் நரம்பு வழியாக மெதுவாக, கூடவே இரண்டு இடுப்பிலும் 5 கிராம் வீதம் ஊசி, அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம் மாறி மாறி. கடைசி வலிப்பு அல்லது பிரசவம், எது பின்னால் வருகிறதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை. ஆம்பியூல் ஒன்றில் 2 மில்லி, அதில் 1 கிராம், ஆக ஒரு டோஸுக்கு ஐந்து ஆம்பியூல் உடைக்க வேண்டும்.

ராத்திரி இரண்டு மணி டோஸுக்கு ஐந்து ஆம்பியூலையும் ட்ரேயில் அடுக்கிவிட்டு, உடைக்கும் முன்னால் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூன்று பார்க்க வேண்டும்: முட்டியைத் தட்டினால் கால் துள்ள வேண்டும், மூச்சு 16க்குக் குறையக் கூடாது, நாலு மணி நேரத்தில் யூரின் 100 மில்லியாவது வந்திருக்க வேண்டும். வார்டில் சுத்தி கிடையாது, உள்ளங்கை ஓரத்தால் தட்டினாள். கால் துள்ளவில்லை. போர்வையை விலக்கி, இன்னொரு காலைத் தன் கையில் தாங்கிப் பிடித்துத் தட்டினாள். அதுவும் இல்லை. சுவர்க் கடிகாரம் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினாள், மூச்சு 14. யூரின் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் பத்து மணிக்குக் குறித்ததற்கு மேல் 60 மில்லிதான். அந்தப் பெண் பேசவே இல்லை, கூப்பிட்டால் கண்ணை மட்டும் மெதுவாகத் திறந்தாள். பக்கத்தில் பாட்டி தரையில் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஆம்பியூல்களை அப்படியே ஓரமாக வைத்தாள். மெக்னீசியம் அதிகமானால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை எடுத்து சிரிஞ்சோடு தலைமாட்டில் வைத்தாள், ஆக்சிஜன் சிலிண்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அதற்கு அப்புறம்தான் டூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் வந்து பார்த்து, டோஸ் வேண்டாம், பார்த்துக்கொண்டே இரு என்றார். காலையில் கால் துள்ளியது.

மெக்னீசியம் உடம்பை விட்டு வெளியேறுவது கிட்னி வழியாகத்தான். யூரின் குறைந்தால் மருந்து உள்ளே சேர்ந்துகொண்டே போகும், முதலில் ரிஃப்ளெக்ஸ் போகும், அப்புறம் மூச்சு, கடைசியில் இதயம். ரிஃப்ளெக்ஸ் போன கட்டத்திலேயே அவள் பிடித்துவிட்டாள். இதைவிட நல்ல நர்சிங் எனக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவள் பேப்பரில் ஏன் டாக்டரைக் கூப்பிடப் போனாள்? கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அன்னைக்குக் காலைல டூட்டி மாத்துற ஹேண்ட் ஓவர்ல ஒரு சீனியர் எல்லார் முன்னாடியும் கேட்டாங்க மேடம், யாரைக் கேட்டு டோஸை நிறுத்தினேன்னு. டாக்டர் சரின்னுதான் சொன்னார், ஆனா அவர் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தினது தப்புன்னு சொன்னாங்க. அதுலேர்ந்து நான் செஞ்சது தப்புன்னே நினைச்சுட்டிருக்கேன்."

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பெண் இதை மனசுக்குள் வைத்திருக்கிறாள். என்னிடம் அந்த ராத்திரியைச் சொன்னபோது காலையில் நடந்ததைச் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை. அந்த சீனியரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, அவருக்கும் யாரோ இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் ட்யூட்டராக இருந்தபோது மாணவிகளிடம் "டாக்டரைக் கேக்காம எதையும் தொடாதே" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். நல்லதுக்குத்தான் சொன்னேன், முதல் வருஷப் பெண்ணுக்கு அது தேவையும்தான். ஆனால் நாலாவது வருஷத்தில் அதை நான் திரும்ப எடுக்கவில்லை. மருந்தை ஆரம்பிக்கத்தான் ஆர்டர் வேண்டும், ஆபத்து தெரிந்தால் நிறுத்திவைப்பது நர்ஸின் பொறுப்பு, நிறுத்திய கையோடு தெரிவிக்க வேண்டும் என்று தெளிவாக நான் வகுப்பில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அறிக்கையில் பராமரிப்பு மேலாண்மை ஏன் கீழே வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. பழைய பயிற்சித் தாள்களை எடுத்து வைத்து இரண்டு பேரும் புரட்டினோம். பக்கத்துக்குப் பக்கம் அதே கதை. மூச்சுத் திணறும் நோயாளியைத் தலைமாடு உயர்த்தி உட்கார வைப்பதற்கு முன் டாக்டர். ரத்தம் ஏறும்போது குளிர் நடுக்கம் வந்தால் ஏற்றுவதை நிறுத்துவதற்கு முன் டாக்டர். வார்டில் இதில் எதையும் அவள் அப்படிச் செய்ய மாட்டாள். பரீட்சையில் மட்டும், காலையில் ஹேண்ட் ஓவரில் நின்று பதில் சொல்லும் ஆளாக எழுதியிருந்தாள்.

வார்டு நோட்டு

அதற்குப் பிறகு தினம் 75 கேள்வியை நிறுத்திவிட்டோம். மறுபடி எழுத 45 நாள் இடைவெளி போதும், ஆனால் அவசரப்பட வேண்டாம் என்று டிசம்பர் வைத்தோம். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு டூட்டி முடிந்ததும் ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு பக்கம், தமிழில். என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன், முதலில் என்ன செய்தேன், ஏன் அதை முதலில் செய்தேன், செய்ததும் என்ன மாறியது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு வருவாள், நான் ஒவ்வொன்றையும் நாலு விடையுள்ள கேள்வியாக மாற்றித் திருப்பிக் கொடுப்பேன். தன் நோயாளி, தன் கேள்வி. பத்து நாளில் "டாக்டருக்குத் தெரிவி" என்பதை முதலில் டிக் அடிப்பது பாதியாகக் குறைந்தது. அதை அடிக்கும் முன்னால் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்: டாக்டர் போனை எடுத்ததும் "நீ என்ன செஞ்சிருக்க" என்று கேட்டால் சொல்ல உன்னிடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கூப்பிடு, இல்லையென்றால் முதலில் அதைச் செய். டாக்டரைக் கூப்பிடுவதே சரியான முதல் விடையாக வரும் கேள்விகளும் உண்டு, நர்ஸ் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்த பிறகும் ஆபத்து நீடிக்கும் இடங்கள். அதையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம் ஒன்று. டிசம்பர் குளிரில் விடிகாலை ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள், சிக்கிள் செல் உள்ள பையன், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும் பரம்பரை நோய், கை கால் வலியில் துடிக்கிறான். இந்த நோயை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்து எழுதியதே 1952இல், லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். குளிர், தண்ணீர் குறைவது, காய்ச்சல் மூன்றும் வலியைக் கிளப்பிவிடும். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ஈரச் சட்டையைக் கழற்றி கம்பளி போர்த்தினேன். ஆக்சிஜன் அளவு பார்த்தேன். டிரிப் போட்டேன். வலிக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன், பத்து என்றான். கூட வந்தவர் ஐஸ் வைக்கலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்." இதில் ஒரு வரி விடாமல் அத்தனையும் பரீட்சைக்கு வரும் விஷயம். ஐஸ் வைத்தால் ரத்தக்குழாய் சுருங்கி இன்னும் அடைக்கும். நான் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று, இந்த வலிக்குப் பெத்திடின் என்ற வலி மருந்து தவிர்க்கப்படும், அதன் கழிவு உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரும் என்பது.

வார்டு அனுபவம் எல்லா இடத்திலும் கைகொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வேலையை ஒப்படைக்கும் கேள்விகளில் நம் வார்டு காலை வாரிவிடும். அங்கே ஆர்.என்., அதற்குக் கீழே எல்.பி.என்., அதற்குக் கீழே உதவியாளர் என்று மூன்று அடுக்கு. நமக்கு நர்ஸ், ஆயாம்மா, அப்புறம் நோயாளியின் சொந்தக்காரர்கள். பக்கவாதம் வந்தவருக்கு முதல் தடவை வாயில் கஞ்சி கொடுப்பதை நம் ஊரில் மகள் செய்வார், யாரும் தடுக்க மாட்டோம். பரீட்சையில் அதை உதவியாளரிடம் கொடுத்தால் தப்பு, விழுங்க முடிகிறதா என்று நர்ஸ் பார்த்து முடிவு செய்யும் முன் ஒரு வாய் கூடக் கூடாது. யோசித்தால் நம் வார்டிலும் அதுதான் சரி. நோயாளியை மதிப்பிடுவது, சொல்லிக் கொடுப்பது, பலித்ததா என்று பார்ப்பது இந்த மூன்றும் ஆர்.என்.னை விட்டுப் போகாது என்பதை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

மனநலப் பகுதி கீழே வந்ததற்குக் காரணம் இன்னும் எளிமையானது. பயந்துபோன நோயாளியிடம் நாம் எல்லாரும் என்ன சொல்வோம்? "பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது." இவள் ஒவ்வொரு கேள்வியிலும் அந்த விடையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். பரீட்சையில் அது பொய்யான ஆறுதல், தவறான விடை. "எதை நினைச்சு பயமா இருக்கு?" என்று கேட்பதுதான் சரி. அவளுக்கு இது கொஞ்சம் கசந்தது, அன்பில்லாமல் பேசுவது மாதிரி இருக்கிறது என்றாள். வார்டில் ஒரு வாரம் செய்து பார் என்றேன். திரும்பி வந்து சொன்னாள், ஆபரேஷனுக்குப் போகிற ஒரு அம்மாவிடம் எதை நினைத்துப் பயம் என்று கேட்டதற்கு, ஆபரேஷன் பயமே இல்லை, வீட்டில் மாடு கன்று போடும் நாள், யார் பார்ப்பார்கள் என்றுதான் கவலை என்றாராம். ஒண்ணும் ஆகாது என்று சொல்லியிருந்தால் அந்தக் கவலை வெளியே வந்தே இருக்காது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டாவது தடவை

டிசம்பரில் இரண்டு நாள் முன்னாடியே சென்னை போய் பெரம்பூரில் அத்தை வீட்டில் தங்கினாள். முந்தின நாள் புத்தகம் தொடக் கூடாது என்றேன், வார்டு நோட்டை மட்டும் புரட்டியிருக்கிறாள். 112ஆவது கேள்வியில் மெஷின் நின்றது. வெளியே வந்து, "நிறையக் கேள்விக்கு முதல்ல நிறுத்துன்னுதான் போட்டேன் மேடம், தப்பா இருந்தாலும் பரவாயில்ல" என்று போனில் சொன்னாள். தேறிவிட்டாள்.

ஒரு பெண்ணை வைத்து எல்லாருக்கும் சட்டம் போட முடியாது, தெரியும். அவளுக்குப் பாடம் கையில் இருந்தது, அந்த ராத்திரியும் இருந்தது. வார்டையே சரியாகப் பார்க்காமல் படிப்பு முடித்தவர்களுக்கு வார்டு நோட்டு எழுத விஷயமே இருக்காது, அவர்களுக்குப் புத்தகம்தான் முதலில். ஆனால் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தோற்று நிற்பவர்கள் மறுபடி முதல் பக்கத்திலிருந்து புத்தகத்தை ஆரம்பிக்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அறிக்கையை எடுத்து வைத்து, எந்த இடத்தில் கீழே என்று பார்த்து, அந்த இடத்தில் வார்டில் தான் நிஜமாக என்ன செய்கிறோம் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

தேறினால் உடனே விமானம் ஏறலாம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவுக்கு நர்ஸ்கள் போகும் ஈபி-3 என்ற கிரீன் கார்டு வரிசை இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பின்தங்கியிருக்கிறது. ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். அவள் இப்போது கனடாவுக்குக் காகிதங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறாள், அதுவரை அதே பிரசவ வார்டில்தான் இருக்கிறாள். முதல் வேலையாகத் தன் காசில் ஒரு ரிஃப்ளெக்ஸ் சுத்தி வாங்கி மருந்து ட்ராலியில் நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சேரங்கோட்டிலிருந்து இன்னொரு பெண் வந்தாள், ஒரு தடவை எழுதித் தோற்றவள். வார்டு நோட்டு எழுதச் சொல்லியிருந்தேன். முதல் பக்கத்தில் ஒரே வரி, "பேஷண்ட் நல்லா இருக்காங்க." அதற்குக் கீழே "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு அவளுக்கு நைட் டூட்டி.